மூன்றேகால் பவுன்

லெபோ பாசாரில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியாயிற்று.
முதலாளி போய்விட்டார்.
தங்கத் தராசை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தேன்.
பையிலிருந்து எடுத்தேன்:
உள்ளங்கைக்குள் அடங்குகிற அடுப்பு ஒன்று,
அதைவிடக் கொஞ்சம் பருத்தது இன்னொன்று.
இரண்டும் ஹோக் செங் கடைச் சரக்கு.
"நாளைக் காலையில ஒண்ணு திரும்பி வரணும்.
கீறல் இருந்தா ரெண்டுக்கும் காசு."
அவன் தமிழில் வசவும் வியாபாரமும் மட்டும் சுத்தமாக வரும்.

சின்னதைத் தட்டில் வைத்தேன்.
எழுபத்து மூன்று.
ஒன்பது பவுன், மேலே ஒரு கிராம்.
பருத்தது தொண்ணூற்றொன்பது.
நடுவில் நிற்பது மூன்றேகால் பவுன்.

மூன்றேகால் பவுனுக்காக
இதே கவுண்டரில் சம்பந்திகள்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுண்டு.
டைட்டானியத்துக்குச் சேதாரமில்லை, செய்கூலியில்லை,
அடகுக்கும் எவனும் வாங்கமாட்டான்.
இருந்தும் சின்னதுக்கு நூற்று முப்பது வெள்ளி கூடுதல்.
இல்லாத எடைக்கு விலை கேட்கிறார்கள்.
இருபத்திரண்டு வருஷம்
இருக்கிற எடைக்கே பில் போட்ட கைக்கு
இது பிடிபட நேரமானது.

சொல்லிவிடுகிறேன்.
போன வருஷம் குனோங் தாஹானில்
மூன்றாம் நாள் ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன்.
பரீடா என் பையைத் திறந்து அரிசியை எடுத்துக்கொண்டாள்.
சிவநேசன் கூடாரத்தை.
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அன்றிலிருந்து கழித்துக்கொண்டே இருக்கிறேன்.
பல் பிரஷ்ஷின் காம்பை அறுத்தேன்,
துண்டைப் பாதியாகக் கிழித்தேன்,
தீப்பெட்டியில் குச்சியை எண்ணி வைத்தேன்.
"வயித்தைக் குறை, அடுப்பு இலவசம்"
என்கிறான் ஹோக் செங்.

ஜெலுத்தோங், பதினேழாம் மாடி, பால்கனி.
கடல் பக்கமிருந்து காற்று.
பழைய கேஸ் டப்பாவில் மிச்சம் எவ்வளவென்று
வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன்.
பாதிக்கு மேல் முழுகி, ஒருபக்கம் சாய்ந்து நின்றது.
போதும், இன்றைக்கு.

சின்னதைத் திருகினேன்.
தீ வந்தது, அழகாக, நீலமாக,
வந்த வேகத்தில் காற்றோடு படுத்தது.
எட்டு நிமிஷம். தண்ணீர் வெதுவெதுப்பில் நின்றது.
கொசுக்கால் போல மூன்று கால்,
அதன்மேல் அரை லிட்டர் பாத்திரம்.
மேகி பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டத்தான் குனிந்தேன்.
பாத்திரம் யோசித்தது.
பிறகு கவிழ்ந்தது.

தவமலர் துடைப்பத்தோடு வந்தாள்.
"உள்ள மூணு பர்னர் இருக்கு."
பதில் சொல்லாமல் பருத்ததைத் திருகினேன்.
குழிவான வாய், அகன்ற கால்.
அதே காற்று அதன் தலைமேல் ஏறிப் போனது,
தீ தன்பாட்டுக்கு எரிந்தது.
நாலு நிமிஷத்தில் மூடி தடதடத்தது.
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
அவளும் உட்கார்ந்தாள்.
ஒரே கரண்டி, மாறி மாறிச் சாப்பிட்டோம்.
"மலையில இதைவிட ருசியா இருக்குமா?"
"பசி இருக்கும்" என்றேன்.
"அப்ப கவுறாததா எடுங்க.
பசியில கவுந்தா அழுதுடுவீங்க."

தெரியும் அவளுக்கு.
தாஹானில் அழுததை
நான் அவளிடம் சொன்னதேயில்லை.

காலையில் சின்னதைத் திருப்பினேன்.
ஹோக் செங் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடினான்,
என் முதலாளி வைரம் பார்ப்பதைப் போல.
கிடைக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு.

பத்தரை மணிக்கு ஓர் அம்மா வந்தார்.
மகள் கல்யாணம், சங்கிலி வேண்டும்,
எடை குறைவாக, பார்வைக்குப் பெரிசாக.
நாலைந்து எடுத்துப் பரப்பினேன்.
மெல்லியதாய் ஒன்றை அவர் தொட்டதும்
வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:
"இது காத்துக்குத் தாங்காதும்மா."